துணையாய் வரும் திருவருள்

(எமது ஆலய மகோற்சவ காலத்தில், மாலைப் பூசையின் பின் வசந்த மண்டபத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



மெய்யன்பர்களே, இந்த மண்டபத்தில் பல ஆண்டுகளாகப் புராணபடனத்துக்குப் பயன் சொல்லி வந்திருக்கிறேன். நாயன்மார் வரலாறுகளை நீங்களும் கேட்டிருக்கிறீர்கள். இந்த வருடம் நம் ஊரில் வீட்டுக்கு வீடு கேட்கிற ஒரு விடயத்தை எடுத்துக்கொள்கிறேன். அர்ச்சனைத் தட்டோடு ஒரு தாய் வருகிறாள். பெயர், நட்சத்திரம் சொல்கிறாள். பிறகு குரலைத் தாழ்த்தி, “ஐயா, அவருக்கு வாற கிழமை இருதய ஒப்பரேசன்” என்கிறாள். குருக்கள் ஐயா மனமுருகி அர்ச்சனை செய்கிறார். அவள் தட்டை வாங்கிக்கொண்டு வீடு போகிறாள். அந்தக் கிழமை முழுவதும் அந்தக் குடும்பத்துக்கு யார் துணை? இதுவே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

இதைப் பேச எனக்கு ஓர் உரிமை உண்டு. 2012ஆம் ஆண்டு, பாடசாலையிலிருந்து ஓய்வு பெறும் காலத்தில், எனக்கு நெஞ்சு நோ வந்தது. அஞ்சியோகிராம் பரிசோதனை செய்து பார்த்த வைத்தியர், இருதயத்துக்கு இரத்தம் கொடுக்கும் குழாய்கள் மூன்றில் அடைப்பு இருக்கிறது, பைபாஸ் சத்திரசிகிச்சை செய்ய வேண்டும் என்றார். கொழும்புக்குப் போக வேண்டும். திகதி கிடைக்கும் வரை வீட்டில் காத்திருக்க வேண்டும்.

அந்தக் காத்திருப்புத்தான் பெரிய நோய். பகலில் பத்திரிகை படிப்பேன், மாட்டுக்குப் புல்லுப் போடுவேன். இரவில் படுத்தால் என் நெஞ்சு அடிப்பதை நானே எண்ணிக்கொண்டு கிடப்பேன். நெஞ்சை வாளால் அறுத்துத் திறப்பார்கள், இருதயத்தை நிறுத்துவார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். நிறுத்திய இருதயம் மீண்டும் அடிக்குமா?

ஊரில் ஒருவருக்கும் நான் சொல்லவில்லை. பிள்ளைகளுக்குத் தைரியம் சொல்லிக் கொடுத்த மாஸ்டர் பயந்துபோய்க் கிடக்கிறார் என்று பேசுவார்களே என்ற வெட்கம் ஒன்று. உள்ளே இன்னொன்றும் இருந்தது. இத்தனை வருடம் இந்தச் சந்நிதியில் புராணம் படித்த எனக்கே இப்படி ஏன் வந்தது என்ற மனத்தாங்கல். அது பிள்ளையாரோடு எனக்கிருந்த கோபம். அந்த நாட்களில் கோயிலுக்கு வந்தாலும், வெளி வீதியில் நின்று கும்பிட்டுவிட்டுப் போய்விடுவேன்.

என் மனைவி ஒருநாள் கிணற்றடியில் பக்கத்து வளவுப் பெண்ணிடம் அழுதிருக்கிறா. அன்று மாலையே அந்த வீட்டுக்காரர் வந்தார். வெங்காயம் செய்கிறவர். என்னைவிட இளையவர், அதிகம் படியாதவர். வந்து திண்ணையில் இருந்தார்.

“மாஸ்டர், ஏன் எங்களுக்குச் சொல்லேல்லை?” என்றார். நான் பேசவில்லை. அவர் சட்டைப் பொத்தானைக் கழற்றினார். கழுத்துக் குழியின் கீழிருந்து நெஞ்சு நடுவாக ஒரு நீண்ட தழும்பு. அவருக்கு அந்தச் சத்திரசிகிச்சை நடந்து நான்கு வருடம் என்று அன்றுதான் அறிந்தேன். நான்கு வருடமாக அவர் மண்வெட்டி பிடிப்பதை மதிலுக்கு மேலால் பார்த்து வந்தவன் நான்.

“இஞ்சை பாருங்கோ. முழிச்ச உடனை தொண்டைக்குள்ளை ஒரு குழாய் இருக்கும். கதைக்கேலாது. பயந்துபோடாதேங்கோ, அது மூச்சுக்கு வைச்சது. தாதி வந்து கையைப் பிடிச்சா, இறுக்கிக் காட்டுங்கோ. பிறகு குழாயை எடுத்துவிடுவினம். இருமேக்கை தலகணியை நெஞ்சோடை அணைச்சுப் பிடியுங்கோ, நோ குறையும். மூண்டாம் நாள் நடக்கச் சொல்லுவினம். ஏலாது எண்டு சொல்லாதேங்கோ, நடவுங்கோ.”

ஒரு மணித்தியாலம் இருந்தார். சமயம் ஒன்றும் பேசவில்லை. எழும்பும்போது, “மாட்டை நான் பாக்கிறன், நீங்கள் போட்டு வாங்கோ” என்றார். அன்று இரவு, பல நாட்களின் பின், நான் நித்திரை கொண்டேன்.

அன்பர்களே, அந்த நித்திரைக்குப் பிறகுதான் நான் பலமுறை பயன் சொன்ன ஒரு வரலாறு எனக்கே விளங்கியது. திருநாவுக்கரசு சுவாமிகளுக்குச் சூலை நோய் வந்த வரலாறு.

திருவாமூரிலே பிறந்த மருணீக்கியார் சமண சமயம் சார்ந்து தருமசேனர் என்ற பெயரோடு உயர்ந்த நிலையில் இருந்தார். தாங்கொணாத சூலை வந்தது. உடனிருந்தோர் தமக்குத் தெரிந்தவற்றை எல்லாம் செய்தும் தணியவில்லை. அப்போது அவர் என்ன செய்தார்? உடனே சிவனைப் பாடினாரா? இல்லை. முதலில் தமக்கையாருக்கு ஆள் அனுப்பினார். இதை நாம் கவனிக்காமல் கடந்து போகிறோம். சமயம் வேறாகி, நெடுங்காலம் பிரிந்திருந்த தமக்கை. பெருமையைப் பார்த்திருந்தால் ஆள் அனுப்பியிருக்க மாட்டார். பிறகு, இரவோடு இரவாகத் திருவதிகைக்குப் போய் அவர் பாதத்தில் விழுந்தார்.

திலகவதியார் அவரைக் கடிந்து பேசவில்லை. எங்களை விட்டுப் போனாயே, இப்போது நோய் வந்ததும் வந்தாயா என்று ஒரு சொல் கேட்கவில்லை. திருவைந்தெழுத்தை ஓதித் திருநீறு கொடுத்தார். விடியுமுன் திருவலகும் மெழுக்குச் சாணமும் எடுத்துக்கொண்டு திருக்கோயிலுக்குப் போகும்போது தம்பியையும் கூட்டிக்கொண்டு போனார். அதன் பின்பே பாடல் பிறந்தது, சூலை நீங்கியது, திருநாவுக்கரசர் என்ற பெயரும் வந்தது. இறைவனுடைய அருள் அவரிடம் வந்து சேர்ந்தது ஒரு தமக்கையின் கைவழியாக. ஆகவே நோய் வந்தவர் துணை தேடுவது பக்தியில் குறைவு அல்ல. பெருமையை விட்டு ஆள் அனுப்புவதும் ஒரு வழிபாடே.

வைத்தியத்தை நாடுவதும் அப்படித்தான். “பிள்ளையார் இருக்கிறார், வெட்டுக்கொத்து வேண்டாம்” என்று சொல்லித் திகதியைத் தவற விடுகிறவர்கள் இன்றும் உண்டு. சைவ சித்தாந்தம் என்ன சொல்கிறது? தனு, கரணம், புவனம், போகம் ஆகிய நான்கும் உயிர் ஈடேறுவதற்காக இறைவன் தந்தவை. தனு என்றால் இந்த உடம்பு. தந்தவர் அவர் என்றால், பழுது பார்க்கும் அறிவையும் அவரே ஒருவருக்குக் கொடுத்திருக்கிறார் என்று கொள்ள வேண்டாமா?

அந்த அறிவு எப்படி வந்தது என்பதையும் கேளுங்கள். 1931ஆம் ஆண்டு அமெரிக்காவிலே ஜோன் கிப்பன் என்ற இளம் வைத்தியர், நுரையீரலுக்குப் போகும் குழாயில் இரத்தக்கட்டி அடைத்த ஒரு பெண்ணின் பக்கத்தில் இரவு முழுவதும் இருந்து கவனித்தார். அவள் பிழைக்கவில்லை. இருதயமும் நுரையீரலும் செய்யும் வேலையைச் சிறிது நேரத்துக்கு ஓர் இயந்திரம் செய்தால் இப்படிப்பட்டவர்களைக் காப்பாற்றலாமே என்ற எண்ணம் அந்த இரவில் அவருக்கு வந்தது. மனைவியும் உடனிருந்து உழைக்க, ஏறத்தாழ 20 வருடம் பாடுபட்டார். 1953ஆம் ஆண்டு மே மாதம் 6ஆம் திகதி, 18 வயதுப் பெண் ஒருத்திக்கு அந்த இயந்திரத்தின் துணையோடு இருதய சத்திரசிகிச்சை செய்தார். அவள் பிழைத்தாள். இன்று நம் ஊரவர் நெஞ்சைத் திறக்கும்போது இரத்தத்தை ஓடச் செய்வது அந்த இயந்திரத்தின் வழி வந்ததே. ஒரு நாளில் ஏறத்தாழ ஒரு இலட்சம் தடவை அடிக்கும் இருதயம் அப்போது ஓய்ந்திருக்கும். வேலை முடிந்ததும் மீண்டும் அடிக்கத் தொடங்கும். இவ்வளவுக்கும் வித்து, ஒருவர் ஒரு நோயாளியின் பக்கத்தில் விழித்திருந்த ஓர் இரவு.

நான் சத்திரசிகிச்சைக் கூடத்துக்குப் போன காலையிலும் ஒருவர் பக்கத்தில் இருந்தார். சிங்களத் தாதி. எனக்குச் சிங்களம் வராது. அவருக்குத் தமிழில் இரண்டு சொல்தான் வரும். “ஐயா, பயம் வேண்டாம்” என்று என் கையைப் பிடித்தபடி தள்ளுவண்டியோடு நடந்தார். பிறகு என் உடம்பில் ஏற்றிய இரத்தம் யாருடையது என்று எனக்குத் தெரியாது. எந்த மதத்தவரோ, எந்த மொழி பேசுபவரோ. இத்தனை காலம் நடந்தவற்றின் பின்னும், முன்பின் அறியாத ஒருவர் கையை நீட்டிக் கொடுத்த இரத்தம் இன்றும் என் பிள்ளையாரைக் கும்பிட என்னை நிறுத்தி வைத்திருக்கிறது. இளைஞர்களே, ஆலயத்திலே இரத்ததான முகாம் வைக்கும்போது அதை ஒரு திருவிழா உபயமாக எண்ணுங்கள்.

இனி, பக்தியின் பெயரால் நாம் விடும் சில பிழைகளைச் சொல்ல வேண்டும். கோபிக்க வேண்டாம்.

சத்திரசிகிச்சைக்கு முன் குறித்த நேரத்துக்குப் பிறகு எதுவும் உண்ணக் குடிக்கக் கூடாது என்று வைத்தியசாலையில் சொல்வார்கள். மயக்கத்திலே வாந்தி வந்து நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. ஆனால், “இது சாமி தீர்த்தம்தானே” என்று கட்டிலடியில் வைத்துப் பருக்குகிறார்கள். தீர்த்தத்தைத் தலையில் தெளியுங்கள், பருகக் கொடுக்காதீர்கள். திருநீற்றை நெற்றியில் பூசுங்கள். சத்திரசிகிச்சைக் காயத்தில் ஒருநாளும் போடாதீர்கள். விரதம் என்று மருந்தை நிறுத்தாதீர்கள். செயற்கை வால்வு பொருத்தியவர்கள் இரத்தம் உறையாமல் இருக்க வார்பரின் குளிசை எடுப்பார்கள். விரத நாட்களில் திடீரென்று கீரையும் இலைவகையும் கூட்டிச் சாப்பிட்டால் அந்த மருந்தின் வேகம் குறையும். கீரையை விட வேண்டியதில்லை. எப்போதும் ஒரே அளவாக உண்ண வேண்டும். விரதம் பிடிக்க விருப்பமானால் முதலில் கிளினிக்கில் கேளுங்கள்.

நேர்த்தியும் அப்படியே. வெட்டிய மார்பு எலும்பைக் கம்பியால் கட்டி விடுவார்கள். அது நன்றாகப் பொருந்த ஏறத்தாழ மூன்று மாதம் செல்லும். சுகமாகி வந்தவுடன் பிரதட்டை செய்வேன், காவடி எடுப்பேன், வடம் பிடிப்பேன் என்று நேர்ந்துவிட்டு, தையல் காயுமுன் வந்து நிற்காதீர்கள். பிள்ளையார் அவசரப்படுகிறவர் அல்லர். அடுத்த வருடமும் தேர் ஓடும்.

நம் ஊர்த் தாய் ஒருவருடைய கதையைச் சொல்கிறேன். அவவுக்கு வால்வு மாற்ற வேண்டும். எல்லாவற்றுக்கும் சம்மதித்தவ, தாலிக்கொடியைக் கழற்ற வேண்டும் என்றதும், “நான் சாகிறன், பறவாயில்லை. இதை மட்டும் கழட்டமாட்டன்” என்று சொல்லிவிட்டா. பிள்ளைகள் அழுது பார்த்தார்கள். மின்கருவியால் சூடு வைக்கும்போது உலோகம் பட்ட இடம் எரிந்து போகலாம், கழுத்து நாளத்தில் குழாய் ஏற்றவும் கொடி இடைஞ்சல் என்று வைத்தியர் விளக்கினார். அவ கேட்கவில்லை. அது பிடிவாதமல்ல. தான் கழற்றினால் கணவனுக்கு ஏதும் ஆகிவிடுமோ என்ற பயம். பிறருக்காகப் பயப்படுகிறவரிடம் நியாயம் பேசி என்ன பயன்?

குருக்கள் ஐயாவின் மனைவி அவ வீட்டுக்குப் போனா. நாள் குறித்து, இருவரையும் சந்நிதிக்கு வரச் சொன்னா. குருக்கள் ஐயா, கணவனைக் கொண்டே கொடியைக் கழற்றுவித்து, தட்டில் வாங்கி, அம்பாள் பாதத்தில் வைத்தார். “பிள்ளை, நீ கழட்டேல்லை. அம்மாட்டை வைக்கக் குடுத்திருக்கிறாய். வந்து வாங்கு” என்றார். கழுத்தில் மஞ்சள் நூல் கட்டினார்; அதை வைத்தியசாலையில் எடுக்கச் சொன்னால் எடுக்கலாம் என்றும் சொல்லி அனுப்பினார். அவ போனா. நாற்பத்தெட்டு நாள் கழித்து வந்து வாங்கினா. வைத்தியரால் செய்ய முடியாததைக் கோயில் செய்தது. கோயிலால் செய்ய முடியாததை வைத்தியர் செய்தார். இரண்டும் சேர்ந்தால்தான் அவ வீடு திரும்பினா.

ஆகவே, ஒரு வீட்டில் இப்படி ஒரு திகதி குறித்திருக்கிறது என்று அறிந்தால் நாம் செய்யக்கூடியவை பல. அந்தச் சிகிச்சையைக் கடந்து வந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். அவர் சொல்லும் ஒரு சொல் நாம் சொல்லும் நூறு சொல்லுக்குச் சமம். சனாதிபதி நிதியத்தின் வைத்திய உதவிக்கு விண்ணப்பம் எழுத வேண்டுமென்றால், எழுதத் தெரிந்தவர் இருந்து எழுதிக் கொடுங்கள்; 2025ஆம் ஆண்டு முதல் பிரதேச செயலகத்திலும் அதைக் கையளிக்கலாம். இன்று யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையிலும் திறந்த இருதய சத்திரசிகிச்சை நடக்கிறது. இருந்தாலும், கொழும்புக்குப் போக வேண்டியவர்களும் உண்டு. அவர்களோடு சிங்களம் தெரிந்த ஒருவர் போகட்டும். வீட்டில் நிற்கும் பிள்ளைகளுக்குச் சாப்பாடு, ஆடு மாட்டுக்குத் தீன், வயதான தாய்க்கு இரவில் துணை, இவற்றை அயல் பார்க்கட்டும். சுருட்டுப் பிடிக்கிறவரிடம், சத்திரசிகிச்சைக்கு முன் அதை விட வேண்டும் என்று அவர் கூட்டாளிகளே சொல்லட்டும்.

சொல்லக்கூடாததும் ஒன்று உண்டு. “எந்தச் சென்மத்துப் பாவமோ” என்று நோயாளியின் காதுபடச் சொல்லாதீர்கள். வினைக் கணக்கு இறைவனுடைய கொப்பியில் உள்ளது. அதை வாசிக்க நம்மை ஒருவரும் நியமிக்கவில்லை. ஆறுதல் சொல்லத் தெரியாவிட்டால் பேசாமல் பக்கத்தில் இருங்கள். அது போதும்.

அன்பர்களே, ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். வைத்தியசாலையில் என் பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் மலைநாட்டைச் சேர்ந்தவர். முருக பக்தர். முதல் நாள் இரவு நாங்கள் இருவரும் மெதுவாகத் தேவாரம் பாடினோம். என்னைவிட அவருக்கே நன்றாகப் பாட வரும். காலையில் அவரை முதலில் கொண்டு போனார்கள். அவர் திரும்பி வரவில்லை. அடுத்த நாள் நான் போனேன், திரும்பி வந்தேன். என் பக்தி அவர் பக்தியிலும் பெரிதா? இல்லை. கும்பிட்டால் கட்டாயம் பிழைப்போம் என்று இந்த மண்டபத்தில் நின்று நான் சொல்ல மாட்டேன். அப்படிச் சொன்னால் அந்த நல்ல மனிதருக்கு நான் செய்யும் துரோகமாகும். ஆனால், அந்த இரவு அவர் பயத்தோடு தனியே கிடக்கவில்லை. போகும்போது என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார். வழிபாடு அவருக்கு அதைக் கொடுத்தது. அவரோடு பாடியது எனக்கும் அதைக் கொடுத்தது.

பூசலார் நாயனாரை நினைத்துக்கொள்ளுங்கள். திருநின்றவூரிலே கோயில் கட்டப் பொருளில்லாத அந்தணர். கல்லும் மரமும் தச்சரும் எல்லாம் நினைவிலேயே தேடி, மனத்துள்ளே அடியிலிருந்து முடிவரை ஓர் ஆலயம் எடுத்தார். காஞ்சியிலே காடவர்கோன் பெரும் பொருள் செலவிட்டுக் கற்றளி கட்டி, அதே நாளில் குடமுழுக்குக் குறித்திருந்தான். இறைவன் அரசன் கனவில் தோன்றி, நின்றவூர்ப் பூசல் எடுத்த ஆலயத்துக்கு நாளை நாம் போகிறோம், உன் நாளை மாற்றிக்கொள் என்றார். அரசன் நின்றவூருக்கு ஓடி வந்து பார்த்தால் அங்கே கோயிலைக் காணவில்லை. அது பூசலாரின் இருதயத்தில் இருந்தது. இன்றும் அவ்வூரில் இறைவன் இருதயாலீசுவரர் என்ற திருநாமத்தோடு எழுந்தருளியிருக்கிறார்.

சத்திரசிகிச்சைக் கூடத்தின் வாசலில் எல்லாவற்றையும் கழற்றி வைக்க வேண்டும். உருத்திராக்கம், காப்பு நூல், மோதிரம், தாலிக்கொடி, எல்லாம். உள்ளே கொண்டு போகக்கூடிய கோயில் பூசலார் கட்டிய கோயில் ஒன்றுதான். அதற்கு அத்திவாரம் முதல்நாள் இரவில் போட முடியாது. சுகமாக இருக்கிற காலத்திலேயே நாளுக்கு ஒரு கல்லாக வைத்து வர வேண்டும். நம் அயலவர் ஒருவர் தம் கோயிலைக் கட்டி முடிக்காமலே அந்த வாசலுக்குப் போக நேர்ந்தால், நாம் போய் ஆளுக்கொரு கல் கொடுக்க வேண்டும். எனக்கு ஒரு வெங்காயக் கமக்காரர் கொடுத்தார்.

ஊர் திரும்பியதும் நான் முதலில் அவர் வீட்டுக்குத்தான் போனேன். பிறகு கோயிலுக்கு வந்தேன். அன்று வெளி வீதியில் நிற்கவில்லை. உள்ளே வந்து, மூலஸ்தானத்துக்கு நேரே நின்று கும்பிட்டேன். பிள்ளையார் என்னோடு கோபமாக இருக்கவில்லை.

சத்திரசிகிச்சைக்குக் காத்திருப்போர் அனைவரும் துணையோடு போய்ச் சுகத்தோடு திரும்பவும், திரும்பாதவர் குடும்பங்களை நாம் கைவிடாதிருக்கவும், எல்லாம் வல்ல விநாயகப் பெருமானின் திருவடிகளை வேண்டி அமைகிறேன்.

மேன்மைகொள் சைவ நெறியில் நின்று வாழ்வோமாக.